கேப்டன் வாசித்த மஞ்சள் பலகை

அன்று வண்டியில் இருந்தவர்கள் மூன்று பேர். ஓட்டியவன் நான், கருப்பையா. காரைக்குடியில் சொந்தக் கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவன். எனக்கு இடப்பக்கம் முன் சீட்டில் கேப்டன் சேவியர். எங்கள் ஊர்ச் செக்காலைக்காரர், சின்ன ஊர்களுக்குப் போகும் எழுபது சீட்டு விமானம் ஓட்டுகிறவர், வயது அறுபத்து மூன்று. பின் சீட்டில் அவருடைய சிநேகிதர் கேப்டன் தணிகாசலம். சென்னையிலிருந்து வந்தவர், ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆனவர். நான்காவதாக யாரும் இல்லை. நடந்ததற்கு வேறு சாட்சி கிடையாது என்பதால்தான் இத்தனை சுத்தமாக எழுதுகிறேன்.

காலை 7.10. நாட்டரசன்கோட்டைக்குப் போக வர, காத்திருப்பும் சேர்த்து 2,000 ரூபாய் பேச்சு. ஒரு வழிக்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். கிளம்புமுன் நாலு டயரையும் பார்த்தேன், டிக்கியைத் திறந்து மூடினேன், திரும்பவும் முதல் டயருக்கே வந்தேன். எதையும் ஒரு தடவை பார்த்து நம்பும் தைரியம் எனக்கு வந்ததில்லை. என் மனைவி இதற்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது. ஆனால் பதினோரு வருஷத்துக்கு முன்னால், முதன்முதலாகக் கேப்டனை மதுரை விமான நிலையத்துக்கு ஏற்றிப் போக வந்த அன்று, நான் இப்படிச் சுற்றி வந்ததைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “நாங்களும் இதத்தான் செய்றோம் கருப்பையா. எங்களுக்கு யூனிபாரம் போட்டுச் சம்பளம் குடுக்குறாக, அம்புட்டுத்தான் வித்தியாசம்.” அன்றிலிருந்து அவர் வேறு வண்டியில் போனதில்லை.

அவருக்கும் ஒரு பழக்கம் உண்டு. விமானம் ஓட்டப் போகிற ஒவ்வொரு தடவையும் வாடகையில் ஐம்பது ரூபாயைப் பிடித்துக்கொள்வார். திரும்பி வந்து இறங்கியதும் கொடுத்துவிடுவார். “முழுசாக் குடுத்துட்டா, திரும்பி வர ஒரு வேலை இல்லாமப் போயிரும்ல” என்பார்.

இந்த ஐம்பது ரூபாய் விளையாட்டு நின்று நாலு மாசம் ஆகியிருந்தது. கண்புரை ஆபரேஷன். அடுத்த வியாழக்கிழமை டாக்டர்கள் முன்னால் கண் பரிசோதனை. அதில் தேறினால் அறுபத்தைந்து வயது வரை ஓட்டலாம், இல்லாவிட்டால் அன்றோடு சரி. அதற்காகத்தான் இந்தப் பயணம். கண் நோவுக்காரர்கள் வேண்டிக்கொள்ளும் கண்ணாத்தாளிடம் தணிகாசலம் ஐயா நேர்ந்திருந்தார்.

“அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏத்தியாச்சு. ஆத்தாளுக்கும் ஒரு வார்த்த சொல்லி வச்சிருவோம்” என்றார் சேவியர் ஐயா.

ஊர் தாண்டியதும் இருவரும் தங்கள் பழைய வழக்கை எடுத்தார்கள்: ஓட்டுவதற்கு எந்தச் சின்ன விமானம் உசத்தி.

“நீ ஓட்டற ஏ.டி.ஆர். விமானம் ஒரு டவுன் பஸ்ஸுடா” என்றார் தணிகாசலம் ஐயா. “நான் ஓட்டின பழைய ஃபாக்கர் ஃப்ரெண்ட்ஷிப்ல இருந்த ஜன்னல் உன்கிட்ட உண்டா? முட்டை மாதிரி, இவ்வளவு பெரிசு. கீழே கொடியில காயற சேலை என்ன கலர்னு சொல்லலாம்.”

“சொல்லலாம். அந்த இஞ்சின் போட்ட கூச்சல்ல எவன் காதுல விழுந்துச்சு?”

நான் இடையில் கேட்டுவிட்டேன். “பெரிய ஜெட்டு ஓட்டத்தானேய்யா எல்லாரும் ஆசப்படுவாக?”

“அதுல மேகத்துக்கு மேல ஏறி உக்காந்து மணியப் பாத்துக்கிட்டு இருக்கணும். இது அப்படியில்ல. ஒரு நாளைக்கு நாலு தடவ ஏறி நாலு தடவ எறங்கணும். குறுக்கால காத்து அடிச்சா கால்லயே தெரியும். வைகையில தண்ணி வந்துருச்சான்னு ஊருக்கு மொதல்ல சொன்னவன் நானாத்தான் இருப்பேன்.” சொல்லிவிட்டுச் சேவியர் ஐயா கையை மடியில் வைத்துக்கொண்டார். நாலு மாசமாக அந்தக் கைக்கு வேலை இல்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்க உக்காந்திருக்கது யாரு எடம் தெரியுமா? கேப்டன் இடது பக்கம், கோ-பைலட் வலது பக்கம். செய்ய வேண்டியத ஒவ்வொண்ணா ஒருத்தர் வாசிக்கணும், மத்தவரு பாத்துட்டுச் சரின்னு சொல்லணும். கேப்டன் தப்புப் பண்ணுனா வலது சீட்டுக்காரன் வாயத் தெறந்து சொல்லணும். கேக்கலையா, ரெண்டாவது தடவ சொல்லணும். அதுக்கும் கேக்கலைன்னா அவனே வாங்கி ஓட்டணும். பெரியவராச்சேன்னு சும்மா இருந்தா எல்லாரும் போய்ச் சேர வேண்டியதுதான்.”

வழியெல்லாம் மைல்கல்லையும் பலகையையும் எனக்கு முன்னால் அவரே வாசித்தார். ஒன்றும் தப்பவில்லை. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. வியாழக்கிழமை தேறிவிடுவார் என்று நினைத்தேன்.

8.25-க்குக் கோயில். வாசலில் வெள்ளிக் கண்மலர் ஒரு சோடி 200 ரூபாய்.

“யாருக்குய்யா கண்ணு?” என்றாள் விற்கிற அம்மாள்.

“இவருக்குத்தான். ஏரோப்ளேன் ஓட்டணும்” என்றார் தணிகாசலம் ஐயா.

“அப்ப ரெண்டு சோடியா வாங்கிப் போடுங்க.”

சேவியர் ஐயா சிரித்துக்கொண்டே இரண்டு சோடி வாங்கினார். தரிசனம், இட்லி, மூன்று காப்பி 60 ரூபாய். 10.15-க்குத் திரும்பினோம்.

10.40 இருக்கும். கல்லலுக்கு முன்னால் ஒரு வளைவு. மஞ்சள் பலகை வந்தது.

“கல்லல் அஞ்சு கிலோமீட்டர்” என்றார் சேவியர் ஐயா.

அந்த இடத்தில் வெகுகாலம் அப்படி ஒரு பலகை இருந்தது உண்மைதான். ரோடு போட்டபோது கழற்றிவிட்டார்கள். அதே கம்பத்தில், அதே மஞ்சளில் இப்போது எழுதியிருந்தது: ‘முன்னால் பள்ளி, மெதுவாகச் செல்லவும்.’ எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் வாசிப்பேன். அதனால் எந்தப் பலகையையும் பாராமல் விட்டதில்லை.

கண்ணாடியில் பார்த்தேன். தணிகாசலம் ஐயாவும் பலகையைப் பார்த்திருந்தார். வாயைத் திறக்கவில்லை.

சொன்னால் அவருடைய இரண்டு வருஷம் என் வாயால் போகும். சொல்லாவிட்டால் அவர் முதுகுக்குப் பின்னால் எழுபது பேர் உட்காருவார்கள்.

“ஐயா, அது கல்லல் இல்லய்யா.”

“கல்லல்தான்யா. சின்ன வயசுலேருந்து பாக்குறேன்.”

வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன். பின்னால் எடுத்துப் பலகைக்கு நாற்பது தப்படித் தூரத்தில் விட்டேன். “போர்டு மாறிருச்சுய்யா. இப்ப வேற எழுதிருக்கு.”

இறங்கினார். ஒரு கண்ணைப் பொத்தினார், மறு கண்ணைப் பொத்தினார். நடந்தார். முப்பது தப்படி வரை எண்ணினேன். அங்கே நின்றுதான் மெதுவாக வாசித்தார்: “முன்னால் பள்ளி.”

திரும்பி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “பொய் சொல்லல கருப்பையா. கல்லல் அஞ்சுன்னு எனக்குத் தெளிவாத் தெரிஞ்சுச்சு.” பிறகு பின் சீட்டைப் பார்த்தார். “நீ பாத்தியாடா?”

“பார்த்தேன்.”

“ஏன் சொல்லல?”

“வலது சீட்டை விட்டு ரொம்ப நாள் ஆச்சுடா” என்றார் தணிகாசலம் ஐயா.

கல்லலில் டீக்கடை ஓரம் நிறுத்தச் சொன்னார் சேவியர் ஐயா. மூன்று டீ 45 ரூபாய். கிளாஸை என்னிடம் நீட்டிக்கொண்டே, “ரெண்டு தடவ சொன்னீக. சரியாச் செஞ்சீக” என்றார்.

12.05-க்குச் செக்காலை. இறங்கி நின்று பணத்தை எண்ணிக் கொடுத்தார். நானும் இரண்டு தடவை எண்ணினேன். பேசிய 2,000-த்தில் ஐம்பதைப் பிடித்துக்கொண்டு 1,950 கொடுத்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். உள்ளே போய்விட்டார்.

வியாழக்கிழமை டாக்டர்கள் எழுத்து அட்டையைக் காட்டுமுன், மஞ்சள் பலகை விஷயத்தை அவரே சொல்லிவிட்டாராம். இன்னும் சிகிச்சை பார்த்தார்கள். ஓட்டுவதற்குக் கையெழுத்து மட்டும் கிடைக்கவில்லை.

ஒரு வருஷம் ஆகிறது. இப்போதும் என் வண்டியில்தான் வருகிறார், இடது சீட்டில்தான் உட்காருகிறார். மஞ்சள் பலகை வரும்போது நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறேன். அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “சரி” என்கிறார். தலைக்கு மேல் அவர் ஓட்டியது போன்ற விசிறி வைத்த விமானத்தின் சத்தம் கேட்டால் கண்ணாடியை இறக்கச் சொல்லி, அது போய் முடியும் வரை கேட்டுக்கொண்டிருப்பார். ஒவ்வொரு சவாரிக்கும் வாடகையை முழுசாகக் கொடுத்துவிடுகிறார். அன்றைய கணக்கை அவரும் எடுப்பதில்லை, நானும் கேட்பதில்லை. பாக்கி ஐம்பது ரூபாய்.