ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனவள்

பத்தாவது வரை மட்டுமே படித்தவள் எழுத வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவள் நான். ஆனாலும் இதைச் சொல்லியாக வேண்டும்.

இருபது வயதில் மஞ்சள் காமாலை வந்து ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தேன். என் வாந்தியை முகம் சுளிக்காமல் துடைத்தவர் வார்டு ஆயாம்மா. கிளம்பும்போது "வரேன்" என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்து, அம்மா என்னை வாய் திறக்கவிடாமல் கூட்டிவந்தாள்.

அடுத்த ஞாயிறு பூசையில், குணமான பத்துத் தொழுநோயாளிகளில் ஒருவன் மட்டும் திரும்பி வந்து இயேசுவுக்கு நன்றி சொன்ன பகுதியை வாசித்தார்கள். கோயிலைவிட்டு வெளியே வந்ததும், ஆயாம்மாவுக்கு நன்றி சொல்லப் போகிறேன் என்றேன்.

அம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவள். குரல் தெரு முழுக்கக் கேட்கும். "இன்னாடி, பைத்தியமா? திரும்பிப் போனா நோவும் கூடவே வரும்."

"அந்த ஆளு திரும்பிப் போனானே, அவனுக்கு வந்துச்சா?"

"அவன் ஏசுகிட்ட போனான். நீ ஆயாகிட்ட போற!"

"என் வாந்திய அள்ளினது அவங்கதானே" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அம்மாவை எதிர்த்து நான் செய்த முதல் காரியம் அது.

என்னைப் பார்த்ததும் ஆயாம்மா பதறினார். "இன்னாமா, மறுபடியும் காமாலையா?"

நன்றி சொன்னேன். "உங்க வூட்ல பெரியவங்களே இல்லியா? இங்கல்லாம் திரும்பி வரக் கூடாது, கெளம்பு" என்று துரத்தினார். நான் இன்னொரு முறை, வார்டே திரும்பிப் பார்க்கும்படி, உரக்க நன்றி சொன்னேன். நன்றி சொன்னதற்கு நோய் வருமென்றால் வரட்டும். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மறுநாள் எனக்கு ஜலதோஷம் பிடித்தது. "பாத்தியா?" என்றாள் அம்மா. மூக்கைச் சிந்திவிட்டு, மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு அவளோடு போனேன்.