சுண்டுவிரலில் நின்ற கணக்கு

பிள்ளைகளை நித்திரையாக்கும் விதத்தை அருமைநாயகிக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பத்து வருடம் இறால் உரிக்கிற கொம்பனியில் ஐஸ் தண்ணீருக்குள் கைவைத்து, விரல்கள் வெடித்து இனி முடியாது என்றான பிறகு, குருநகரில் றொசாந்தி நடத்தும் பகல் பராமரிப்பு நிலையத்துக்கு வேலைக்கு வந்தவள் அவள். முதல் வாரம் பதினாறு பிள்ளைகளும் பதினாறு விதமாக அழுதபோது, வேறு வழி தெரியாமல், செபமாலையில் சொல்லும், ‘அருள்நிறைந்த மரியே’ என்று தொடங்கும் அருள்நிறை மந்திரத்தைத் தணிந்த குரலில் சொல்லத் தொடங்கினாள். பிள்ளைகள் அடங்கிவிட்டார்கள்.

ஏழு வருடமாக அதே குரல், அதே வேகம். கையில் செபமாலை இருக்காது. பிள்ளைகள் இழுத்து அறுத்துவிடும். இடக்கைக் கட்டைவிரலால் விரற்கணுக்களைத் தொட்டு எண்ணுவாள். சுண்டுவிரலின் அடிக்கணுவில் தொடங்கி, விரலுக்கு மூன்றாக ஏறி இறங்கி, ஆட்காட்டி விரலின் முதற்கணுவுக்கு வந்தால் பத்து. அதன்பின் ‘பிதாவுக்கும் சுதனுக்கும்’ ஒருமுறை. பிறகு மறுபடியும் சுண்டுவிரல்.

எந்தப் பிள்ளை எத்தனை பத்தில் உறங்கும் என்று அவளுக்குத் தெரியும். வங்கியில் வேலை பார்க்கும் உதயகலாவின் மகள் கஜானிக்கு இருபத்திரண்டு மாதம். அவளுக்கு இரண்டு பத்து. மழை பெய்தால் ஒன்று போதும்.

“வீட்டிலை பிள்ளையார் படத்துக்கு முன்னாலை நிண்டு ‘மரியே, மரியே’ எண்டுறாள் அக்கா. மாமி என்னைத்தான் பாக்கிறா” என்று உதயகலா ஒருநாள் சொன்னாள்.

“பிள்ளையார் கோவிக்கமாட்டார், பிள்ளை. அவரும் தாயைச் சுத்தி வந்தவர்தானே” என்றாள் அருமைநாயகி.

அந்தப் புதன்கிழமை கஜானி காலையிலிருந்தே சிணுங்கிக்கொண்டிருந்தாள். பதினொரு மணியளவில் உடம்பு சுட்டது. அருமைநாயகி சட்டையைக் கழற்றி, மடியில் போட்டு, மந்திரத்தைத் தொடங்கினாள். நாலாவது மந்திரத்தில் பிள்ளையின் கண்கள் மேலே ஏறின. கறுப்பு முழி மறைந்து வெள்ளை மட்டும் நின்றது. உடம்பு மரக்கட்டைபோல் விறைத்தது. பிறகு கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கின.

“றொசாந்தி!”

ஓடிவந்த றொசாந்தி பிள்ளையைக் கண்டதும் அலறினாள். இடுப்பில் கிடந்த, சாவிகள் கோத்த திறப்புக் கோர்வையை உருவிப் பிள்ளையின் கைக்குள் திணிக்கப் பார்த்தாள். “இரும்பு குடுங்கோ அக்கா! இரும்பு குடுத்தால் நிக்கும்!”

“திறப்பை எடு அங்காலை! கொலின்ஸைக் கூப்பிடு, ஓட்டோ கொண்டுவரச் சொல்லு. தாய்க்குப் போன் அடி.”

போன வருடம் குடும்பநல மாது ஒருத்தி வந்து அரைநாள் வகுப்பு எடுத்திருந்தாள். அவள் சொன்னவற்றில் மூன்றை அருமைநாயகி விடாமல் வைத்திருந்தாள். சரித்துப் படுக்க வை. வாய்க்குள் எதையும் வைக்காதே. நேரத்தைப் பார். முதல் இரண்டையும் செய்துவிட்டாள். மூன்றாவதற்கு மணிக்கூடு முதுகுக்குப் பின்னால் சுவரில் இருந்தது. பிள்ளையிலிருந்து கண்ணை எடுக்க அவளால் முடியவில்லை. வலக்கை பிள்ளையின் கன்னத்தைத் தாங்கியிருக்க, இடக்கைக் கட்டைவிரல் சுண்டுவிரலின் அடிக்கணுவுக்குத் தானாகப் போனது. அவள் முதலிலிருந்து தொடங்கினாள். அதே குரல். அதே வேகம்.

உதடு நீலம் பாரித்தது. கடைவாயில் நுரை வந்தது. இருபது இறாத்தலைச் சற்றே தாண்டிய அந்த உடம்புக்குள் இவ்வளவு பலம் எங்கே இருந்தது? யாரோ ஒரு பெரிய ஆள் உள்ளே நின்று உலுப்புவதுபோல் இருந்தது. ஓட்டோக்காரன் கொலின்ஸ் வாசலில் நின்று, “கரண்டி ஒண்டு வாய்க்குள்ளை வையுங்கோ, நாக்கைக் கடிக்கப்போகுது” என்று கத்தினான். அருமைநாயகி தலையை மட்டும் ஆட்டி மறுத்தாள். மந்திரத்தை நடுவில் விடவில்லை.

பிறகு, யாரும் ஒன்றும் செய்யாமலே, இழுப்புகளுக்கிடையே இடைவெளி விழுந்தது. ஒன்று. இன்னொன்று. பிள்ளை நீளமாக ஒரு மூச்சை இழுத்தாள். உதட்டில் சிவப்பு திரும்பிவருவதை அருமைநாயகி ஒரு சாண் தூரத்தில் இருந்து பார்த்தாள். காற்று விழுந்ததும் கடல் தணிந்து கிடப்பதை அவள் எத்தனையோ முறை கண்டிருக்கிறாள். ஒரு பிள்ளைக்குள் அது நடப்பதைக் கண்டதில்லை.

மற்றப் பிள்ளைகளை அயல்வீட்டாரிடம் விட்டுவிட்டு மூவரும் கஜானியோடு பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த சற்றுநேரத்தில் உதயகலாவும் செருப்பில்லாமல் ஓடிவந்தாள். கஜானி மயக்கம்போன்ற நித்திரையில் கிடந்தாள். கையில் ஊசி ஏற்றிப் பிளாஸ்ரர் ஒட்டியிருந்தார்கள். டொக்டர் இளம் பெண், ஆனால் நிதானமானவர்.

“வலிப்பு எவ்வளவு நேரம் இருந்தது?”

“இருவது நிமிசம் இருக்கும் டொக்டர்” என்றாள் றொசாந்தி.

“அரை மணித்தியாலம்” என்றான் கதவடியில் நின்ற கொலின்ஸ்.

“நீர் அவ்வளவு நேரம் நிக்கேல்லையே!” என்றாள் றொசாந்தி.

“எனக்கு அப்பிடித்தான் இருந்தது.”

டொக்டர் சிரிக்கவில்லை. தாயின் பக்கம் திரும்பி விளங்கப்படுத்தினார். “காய்ச்சலோடை வாற வலிப்பு இந்த வயசிலை வாறதுதான். ஐஞ்சு, பத்து நிமிசத்திலை நிண்டால் பெரிசாப் பயமில்லை. கால் மணித்தியாலம் தாண்டினால், பிள்ளையும் இப்பிடியே தெளியாமல் கிடந்தால், மூளைக் காய்ச்சலோ எண்டு பாக்கவேணும். முள்ளந்தண்டிலை ஊசி போட்டு நீர் எடுக்கவேண்டி வரும்.”

உதயகலா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். “காலமையே சூடு இருந்தது டொக்டர். சிரப் குடுத்துப்போட்டுக் கொண்டுவந்து விட்டனான். லீவு கேக்கேலாமல்... அக்காவிட்டைக்கூடச் சொல்லேல்லை.”

அருமைநாயகிக்கு அது காதில் விழுந்தும் விழாததுபோல் இருந்தது. இருபது நிமிடம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தன்னுடைய கணக்கை ஒரு டொக்டரிடம் எந்த வாயால் சொல்வது?

டொக்டர்தான் கேட்டார். “அம்மா, ஏன் இந்தக் கையைப் பொத்திக்கொண்டு நிக்கிறியள்? ஏதும் காயமோ?”

அருமைநாயகி குனிந்து பார்த்தாள். இடக்கைக் கட்டைவிரல் சுண்டுவிரலின் மேற்கணுவில் அழுத்தியபடியே இருந்தது. ஓட்டோவிலும், படியிலும், இவ்வளவு நேரமும் அவள் அதை எடுக்கவில்லை. நகம் பதிந்து சிவந்திருந்தது.

“பதின்மூண்டு” என்றாள். “பதின்மூண்டு அருள்நிறை மந்திரம் டொக்டர். ஒரு சுத்து முடிஞ்சு, மறுசுத்திலை மூண்டாவதிலை இழுப்பு நிண்டது. பிதாவுக்கும் சுதனுக்கும் ஒருக்கால்தான் சொன்னனான், அதாலை ரெண்டு சுத்தில்லை. பிள்ளையைச் சரிச்சுக் கிடத்த ஒரு மந்திர நேரம் போயிருக்கும். அதையும் சேருங்கோ.”

“பதட்டத்திலை கெதியாச் சொல்லியிருப்பியள்.”

“இல்லை டொக்டர். அது பிள்ளைக்குச் சொன்னது. பிள்ளையளுக்குக் கெதியாச் சொல்ல எனக்கு வராது.”

டொக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். “சொல்லுங்கோ பாப்பம். பத்து.”

தாதி ஒருத்தி கையில் கோப்போடு நின்றாள். கொலின்ஸ் தொப்பியைக் கழற்றினான். அருமைநாயகி கண்ணை மூடிச் சொல்லி முடித்தாள்.

“மூண்டு நிமிசம் ரெண்டு செக்கன்” என்றார் டொக்டர். “இன்னொருக்கால். ஐஞ்சு மட்டும்.”

ஐந்து முடிந்தது.

“ஒரு நிமிசம், முப்பத்தொரு செக்கன்.” டொக்டர் மணிக்கூட்டை விட்டு அவளுடைய முகத்தைப் பார்த்தார். தாதியும் பார்த்தாள். “நாலரை நிமிசத்துக்குள்ளை நிண்டிருக்கு” என்று டொக்டர் கோப்பில் எழுதினார்.

“அப்ப ஊசி வேண்டாமோ?” உதயகலா கட்டில் சட்டத்தை விட்டு நிமிர்ந்தாள்.

“நேரத்தை மட்டும் வைச்சுச் சொல்லமாட்டன். ஆனால் இப்ப அவசரப்படத் தேவையில்லை. ஒரு மணித்தியாலம் பாப்பம். பிள்ளை எழும்பட்டும்.”

அந்த ஒரு மணித்தியாலத்தில் உதயகலா பிள்ளையின் பாதத்தைப் பிடித்தபடி இருந்தாள். அருமைநாயகி மறுபக்கம் நின்று நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். இந்த மூச்சை யார் நடத்துகிறார்கள்? எத்தனை பிள்ளைகளைத் தோளில் போட்டிருக்கிறாள். ஒரு மூச்சையாவது இப்படிப் பார்த்திருக்கிறாளா? அவள் எண்ணவில்லை. எண்ணக்கூடாது என்று ஏனோ தோன்றியது.

கஜானி விழித்தாள். முதலில் தாயைப் பார்த்தாள். பிறகு கையில் ஒட்டியிருந்த பிளாஸ்ரரைப் பார்த்து, “இது ஆர் வைச்சது?” என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினாள்.

டொக்டர் கட்டிலடிக்கு வந்து குனிந்தார். “கஜானிக் குட்டி, உங்கடை தொப்புள் எங்கை? காணேல்லையே. ஆரோ களவெடுத்துக்கொண்டு போட்டினமோ?”

“விளையாட்டில்லை. கழுத்து மடங்குதோ எண்டு பாக்கிறா” என்று தாதி மெல்லச் சொன்னாள். “மூளைக் காய்ச்சல் எண்டால் குனியாது.”

உதயகலாவின் கை வாயை மூடியது. கஜானி டொக்டரைச் சந்தேகத்தோடு பார்த்தாள். போர்வையை விலக்கினாள். பிறகு, சின்ன நாடி நெஞ்சில் முட்டும்வரை, தலையை மெல்ல, முழுவதுமாக, நோவின்றித் தாழ்த்தி வயிற்றைப் பார்த்தாள். பிடரியில் வியர்வையில் ஒட்டிய மயிருக்குக் கீழே அந்தக் கழுத்து வாழைக்குருத்துப்போல் வளைந்து நின்றது. ஆறு பெரிய மனிதர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இஞ்சை” என்று கஜானி தொப்புளில் விரலை வைத்தாள்.

“ஊசி வேண்டாம்” என்றார் டொக்டர்.

அருமைநாயகி கட்டிலோரமாக நிலத்தில் இருந்துவிட்டாள். கஜானி மேலேயிருந்து எட்டிப் பார்த்து, அவளுடைய தொப்புளும் இருக்கிறதா என்று கேட்பதுபோல், அவளுடைய வயிற்றைச் சுட்டினாள்.