தேதி போடாத ஒத்திவைப்பு

மகனோடு எனக்குச் சண்டை, அதனால்தான் அவன் வருவதில்லை என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. சண்டை போட எதிரில் ஆள் இருக்க வேண்டும்.

அவன் துபாயில் விமானப் பராமரிப்புப் பொறியாளர். அவன் அப்பா இறந்த பிறகு, எப்போது வருகிறாய் என்று கேட்டால், "லீவை டிஃபர் பண்ணியிருக்கேம்மா" என்பான். ஒத்திவைப்பு. எனக்கும் ஆங்கிலம் தெரியும்.

இன்று திருமங்கலம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கும் அதே வேலை, மதுரை விமான நிலையத்தில். விமானப் பழுதையும் இப்படி ஒத்திவைப்பீர்களா என்று கேட்டேன்.

"உண்டு பெரியம்மா. சின்னப் பழுதுன்னா ஒத்திவச்சிட்டுப் பறக்கலாம். ஆனா எந்தத் தேதிக்குள்ள சரிபண்ணணும்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். தேதி தாண்டுனா விமானம் கெளம்பாது."

"தேதியே போடாமல் ஒத்திவைத்தால்?"

"அம்புட்டுத்தான், வேலை போயிரும்!" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். அவள் இறங்கியதும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இந்தப் பதிவின் கீழே மற்றவர்கள் ஆறுதல் எழுத வேண்டாம்.

தம்பி, நீ இதைப் படித்துவிட்டு லைக் போடுவாய். லைக் வேண்டாம். போனிலும் சொல்ல வேண்டாம். நீ வரும் தேதியை இங்கே, கீழே எழுது.