பத்து மணி நேரத் தூரம்

போன செவ்வாய்க்கிழமை காலை. பாதி ஷேவிங்கில் இருக்கிறேன். கதவைத் தட்டுகிறார் எதிர் ஃபிளாட் சிவலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர், எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர். சிட்னியின் இந்த மெரிலேண்ட்ஸ் பகுதியில் தமிழ் பேச எனக்கிருக்கும் ஒரே ஆள்.

கையில் தந்தி. ஊரில் அவருடைய அப்பா தவறிவிட்டார்.

கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அழவில்லை. "உங்களிட்ட நூல் இருக்கோ?" என்றார்.

தையல் நூல் கொடுத்தேன். என் மேஜை மேலிருந்த பூமி உருண்டையில் ஒரு முனையை சிட்னியில் வைத்து அழுத்தினார். மறுமுனையைக் கொழும்புவரை இழுத்தார். அளந்தார், பெருக்கினார், இப்போது வந்திருக்கிற ஜம்போவின் வேகத்தால் வகுத்தார்...

"பத்து மணித்தியாலம்! மேற்க போறதால நாலரை மணித்தியாலம் லாபம் வேற. மத்தியானம் வெளிக்கிட்டா பின்னேரம் கொழும்பு. இரவு ரயில் பிடிச்சா காலமை வீட்டை நிப்பன்."

முகத்தில் ஒரு நிம்மதி. மூத்த மகன் — கொள்ளி வைக்க வேண்டியவர். விழுந்தடித்துக்கொண்டு ஓடி, 'வருகிறேன், எடுக்க வேண்டாம்' என்று தந்தி அடித்துவிட்டார்.

அதற்கப்புறம்தான் டிராவல் ஏஜென்டிடம் போனோம். நேர் விமானம் கிடையாதாம். சிங்கப்பூரில் மாற வேண்டுமாம். அந்த விமானத்திலும் வெள்ளிக்கிழமைவரை இடமில்லையாம்.

நூலுக்கு என்ன தெரியும்? அது எங்கேயும் காத்திருப்பதில்லையே!

ஊர் வெயிலில் மறுநாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. மறுபடியும் போஸ்ட் ஆபீஸ். இரண்டாவது தந்தி. கவுன்டர் பெண் எழுதியதை உரக்க வாசித்துச் சரிபார்த்தாள். 'எனக்காகக் காத்திருக்க வேண்டாம். தம்பி கொள்ளி வைக்கட்டும்.' சரிதானா என்று நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓம்" என்றார் சிவலிங்கம்.

அவளுக்குப் புரியவில்லை. நான்தான் "யெஸ்" சொன்னேன். ஒரு யெஸ் சொல்ல இவ்வளவு கஷ்டப்பட்டதில்லை.

உங்கள் ஊர் எத்தனை மைல் என்று ஆபீசில் வெள்ளைக்காரர்கள் கேட்பார்கள். ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிவைப்போம். நமக்குத் தூரம் என்றால் மைலா? எடுப்பதற்குள் போய்ச் சேர முடியுமா — அவ்வளவுதான் நம் கணக்கு. அந்தக் கணக்கில் நானும்தான் தேறமாட்டேன். மாயவரத்தில் என் அம்மாவுக்கும் வயதாகிறது.

மறுநாள் சாயங்காலம் அவர் ஃபிளாட்டுக்குப் போனேன். குளித்துவிட்டு, தலைகூடத் துவட்டாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். ஊரென்றால் தெருவே திரண்டு வந்திருக்கும். இங்கே ஜன்னலுக்கு வெளியே யாரோ புல் வெட்டும் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப எடுத்திருப்பினம்" என்றார். அப்போதுதான் உடைந்தார். எனக்கும் தாங்கவில்லை.

அவருடைய அப்பாவை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் சிட்னியில் அந்தச் சாவு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனது... நான் ஒருத்தன்தான்.