வராதவர் பங்குப் பணியாரம்

எங்கள் மகளிர் சேவைச் சங்கத்தின் வாராந்தரக் கூட்டத்துக்கு யாராவது சொல்லாமல் வராவிட்டால், அவர் பங்குப் பலகாரத்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்துவிட்டு வர வேண்டும். கண் சிகிச்சை முகாம் நடத்துகிற எங்களுக்கு இது வேண்டாத வேலை என்று சலித்துக்கொள்வேன்.

கண்டனூரில் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறேன். சென்ற மாதம் ஒரு கூட்ட நாளன்று மதியம், கிளம்புமுன் பாத்திர அறைக்குள் இருந்தபோது காற்றில் கதவு அடித்து வெளித்தாழ் விழுந்துவிட்டது. கைப்பேசி கூடத்தில். கத்திக் கத்தித் தொண்டை வறண்டது.

இருட்டும் நேரத்தில் முகப்பில் ஒரு குரல். சங்கத்துத் தோழி மீனாள்!

“ஆச்சி, எங்குட்டு இருக்கீக? பணியாரம் ஆறிப்போகுது!”

தாழை நீக்கியவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஆறிய பணியாரம் அன்றுபோல் என்றும் ருசித்ததில்லை.

இப்போது கூட்டத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தாலும், பலகாரப் பொட்டலத்துக்கு முதலில் கைநீட்டுவது நான்தான்.