படி திரும்பும் இடம்

இடது கை அடிக்கோலை அசையாமல் அழுத்திப் பிடித்திருக்க, வலது கைப் பேனா கடைசிப் புள்ளியை உருட்டிக் கறுத்தது. மை காயும்வரை இரண்டு கைகளும் அப்படியே நின்றன. பிறகு தாளின் மூலையில் பதினொன்று என்று எண் விழுந்தது.

பொறியாளர் அலுவலகத்தில் பதினாறு வருடம் வீட்டு வரைபடங்களைப் படியெடுத்த கைகள் அவை. அங்கே கணினி வந்ததும் வேலை போயிற்று. அவளுடைய கொழுந்தனார் பள்ளிக்கூடத்தில் பியானோ வாசிப்பவர். அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. "நீங்க வீட்டையே வரைஞ்சவங்க அண்ணி, இந்தப் புள்ளிகளைக் கொஞ்சம் பெருசா வரைஞ்சு தர மாட்டீங்களா?" என்று தன் இசைத் தாளை நீட்டிக் கேட்டார். ஆரம்பம் அதுதான். மேலே ஐந்து கோடு வலது கைக்கு, கீழே ஐந்து கோடு இடது கைக்கு. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவே. ஒவ்வொரு புள்ளியையும் கவராயத்தால் அளந்து மூன்று மடங்காக்குவாள். பியானோவின் ஒரு கட்டையைக்கூட அழுத்திப் பார்த்ததில்லை. கேட்டால், "சமையல் குறிப்பை நகலெடுக்கிறவ சாப்பிட்டும் பார்க்கணுமா?" என்பாள்.

அன்று நாலு மணிக்குப் பிள்ளைகளின் பாட்டுப் போட்டி. போன தடவை கொழுந்தனார் தடுமாறியதில் பாட்டே நின்றுபோனது. இன்னொரு தடவை அப்படி ஆனால் பதிவுசெய்த இசையைப் போட்டுக்கொள்வதாகத் தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்.

ஒன்றரை மணிக்குக் கொழுந்தனார் முன்னறைப் பியானோவில் புதுத் தாள்களை வைத்து வாசித்தார். ஏழாம் பக்கத்தில் நின்றார்.

"அண்ணி, இங்க படியில கால் தப்பி வச்ச மாதிரி இருக்கு."

"உங்க விரல்தான் தூங்கியிருக்கும்."

"மூணு தடவை வாசிச்சாச்சு. மூணு தடவையும் அதே இடத்துலயா தூங்கும்?"

மை படிந்த விரல்களோடு அவள் பக்கத்தில் வந்து நின்றாள். கொழுந்தனார் இரட்டைக் கறுப்புக் கட்டைகளுக்கு இடப்பக்கம் ஒட்டியிருந்த வெள்ளைக் கட்டையை அழுத்தினார். இடக்கோடியிலிருந்து எண்ணினால் இருபத்து நான்காவது வெள்ளை.

"வலது கை இறங்கி வந்து இங்க நிக்குது. இதுதான் நடு ஸிங்கிற சுரம். மேல் அஞ்சு கோட்டுக்குக் கீழ, துண்டுக் கோடு குத்தின புள்ளி."

"சரி. நாலாம் பக்கத்துல கீழ் அஞ்சு கோட்டுக்கு மேல ஒரு துண்டுக் கோட்டுப் புள்ளி இருக்கே, அது எந்தக் கட்டை?"

"அதுவும் இதேதான்."

"இதேவா?"

"இதே கட்டை. எந்தக் கை வாசிக்கணுமோ அந்தப் பக்கம் எழுதுவாங்க."

"படிமேடை!" என்று கத்தியேவிட்டாள். "மாடிப்படி பாதியில திரும்புற மேடை, தம்பி! கீழ்த்தளப் படத்துலயும் போடுவோம், மேல்தளப் படத்துலயும் போடுவோம். கட்டுறப்ப இடம் ஒண்ணுதான். பதினாறு வருஷம் போட்டிருக்கேன்! இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீங்கதான் சாப்பிட்டுப் பார்க்க மாட்டேன்னீங்க."

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. நாலாம் பக்கத்தை ஏழாம் பக்கத்தோடு வைத்துப் பார்த்தாள். அதே மெட்டு. நாலில் வலது கை நடு ஸியில் வந்து நிற்க, இடது கை அதே கட்டையிலிருந்து எடுத்துக்கொண்டு இறங்கியது. ஏழிலோ இடது கைப் புள்ளியை அவள் துண்டுக் கோடு இல்லாமல் ஒரு படி கீழே உட்கார்த்தியிருந்தாள்.

பழைய அச்சுத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். மை மங்கிப்போயிருந்தது, ஆனால் துண்டுக் கோட்டை அச்சு அழுத்திய பள்ளம், நகக்கீறல் அளவுக்கு, புள்ளியின் நடுவே தெரிந்தது. அந்தப் பக்கத்தில் அப்படி மூன்று இடம்.

பிளேடு நுனியால் மூன்று புள்ளிகளையும் சுரண்டி, மை பரவாமலிருக்க அந்த இடங்களை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கினாள். புள்ளி ஏறியது, துண்டுக் கோடு குத்தியது. மை காயும்வரை அவளுக்குப் பொறுக்கவில்லை. பியானோவுக்குப் போய், ஒன்று, இரண்டு என்று எண்ணி, இருபத்து நான்காவதைத் தானே அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள்.

"அண்ணி, வண்டி வந்துடுச்சு!"

"இருங்க, ஏழாம் பக்கத்தை ஒரு தடவை வாசிங்க. தாளைத் தொடாம!"

அவர் நின்றபடியே வாசித்தார். வலது கை இறங்கி வந்தது, இடது கை அங்கேயே எடுத்துக்கொண்டது. எங்கும் கால் தப்பவில்லை. வாசலில் ஹாரன் இரண்டாம் முறை அலறியபோது, அவள் பதினொரு தாள்களையும் விளிம்பு தட்டி அடுக்கி, மை இன்னும் காயாத ஏழாவதை மேலே வைத்து அவர் கையில் கொடுத்தாள்.