அலாரத்தின் வயர்

படகுத்துறைக் கொட்டகையில் இருபத்திரண்டு வருடமாக எஞ்சின் பிரிக்கிற மெக்கானிக்குக்கு ஆமாஞ்சாமி என்று பெயர் வைத்தவர் அவருடைய மச்சான். மனைவியின் அண்ணன். கொட்டகையும் அவருடையது, அக்கரைக்கு ஆள் ஏற்றும் மூன்று படகுகளும் அவருடையவை. பெண் எடுத்த இடத்திலேயே வேலையும் வாங்கிக்கொண்டவர் வேறு எப்படி இருப்பார் என்று துறையில் இருந்தவர்கள் விட்டுவிட்டார்கள். கைவேலையில் குறை சொல்ல முடியாது.

அன்று காலை பெரிய படகை இன்னொரு படகு கட்டி இழுத்து வந்தது. நடுவழியில் எஞ்சின் சூடேறி, புகைந்து, நின்றுவிட்டது. ஆறவிட்டுப் பார்த்தும் கிளம்பவில்லை.

"நாலு மாசம் ஓட்டுனதுக்கே எஞ்சின தீய்ச்சுட்டான்," என்றார் மச்சான்.

"சூடேறும்போது அலாரம் அடிச்சிருந்தா நிறுத்தியிருப்பேங்க," என்றார் பெரிய படகின் ஓட்டுநர். "நான் முன்னால ஸ்டியரிங்ல. எஞ்சினக் குளுத்துற தண்ணி பின்னால பீச்சுதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஆமாஞ்சாமி எஞ்சின் மூடியைக் கழற்றினார். பெட்ரோல் வந்தது. பிளக்குகளில் பொறியும் இருந்தது. சாவியைத் திருப்பச் சொன்னார். எஞ்சின் அளவுக்கு மீறி லேசாகச் சுழன்றது. பிளக் துளையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். மேல் சிலிண்டரின் காற்று விரலைத் தள்ளியது. கீழ் சிலிண்டரில் தள்ளவே இல்லை.

"கம்ப்ரஷன் இல்ல மச்சான். பிஸ்டன் உரசிப் போச்சு."

அடிப்பகுதியைப் பார்த்தார். தண்ணீர் உறிஞ்சும் சல்லடையில் ஒரு பிளாஸ்டிக் பை இறுகச் சுற்றியிருந்தது. பம்பைப் பிரித்தார்; தண்ணீர் ஏறாமல் அதன் ரப்பர் இறக்கைகள் உருகியிருந்தன. யார் ஓட்டியிருந்தாலும் பை சுற்றியிருக்கும். ஆனால் அலாரம் கத்தியிருந்தால் எஞ்சின் பிழைத்திருக்கும்.

"மாப்ள, அலாரம் அடிக்கலைங்கறான். நீயே பாத்துச் சொல்லு," என்றார் மச்சான். அவருடைய முகத்தில் எதுவும் அசையவில்லை.

பார்க்க வேண்டிய அவசியம் ஆமாஞ்சாமிக்கு இல்லை. போன மழைக்காலத்தில் சூட்டை அளக்கும் சென்சார் கெட்டு, காரணமில்லாமல் அலாரம் கத்தி, பயணிகள் மிரண்டார்கள். "முதல்ல அது வாய அடை மாப்ள," என்று மச்சான் சொன்னார். இவர் அலாரத்தின் வயரை வெட்டினார். புதுச் சென்சார் வந்து, பெட்டி பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது. இப்போதைய ஓட்டுநர் வேலைக்குச் சேர்ந்தது அதற்குப் பிறகுதான். வாயை அடைக்கச் சொன்னவர் ஒருவர், அடைத்தவர் ஒருவர். தண்டனைக்கு மூன்றாவது ஆள் வந்து நிற்கிறார்.

வயர் முனையில் தான் சுற்றிய கறுப்பு டேப் அப்படியே இருந்தது. முதுகால் மறைத்துக்கொண்டு அதை உரித்து, உள்ளங்கையில் கசக்கினார்.

"வயர் போயிருக்கு மச்சான். அதிர்வுல அறுந்திருக்கும்."

"பாத்தீங்களா!" என்றார் ஓட்டுநர்.

"என்னத்தப் பாக்குறது? சாவி போட்டதும் ஒரு பீப் வரணும். வருதான்னு கேக்காம தினம் படக எடுத்திருக்க."

"நான் சேந்த நாள்லேருந்து அது வந்ததே இல்லைங்க."

"அப்ப முதல் நாளே சொல்லியிருக்கணும். முப்பது உசுரு ஏறுற படகுப்பா இது. நாளைலேருந்து வராத."

ஓட்டுநர் மெக்கானிக்கைத் திரும்பிப் பார்த்தார். அவர் உருகிய ரப்பர் இறக்கையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மாற்றியே ஆக வேண்டிய இறக்கை. துடைக்க வேண்டியதே இல்லை.

மச்சான் போன பிறகு ஓட்டுநர் தன் பையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் வந்தார்.

"நீங்க ஒருத்தராவது வயர் போயிருக்குன்னு சொன்னீங்கண்ணே. அவரோட சொந்தம்தான நீங்க, சொல்லாமலே இருந்திருக்கலாம்."

ஆமாஞ்சாமியின் கையில் கிரீஸ். ஓட்டுநர் அதைப் பொருட்படுத்தாமல் பிடித்துக்கொண்டார்.

"வேற துறையில வேலை கேக்கப் போறேன். என்னப் பத்தி உங்ககிட்ட விசாரிச்சா, தப்பு என்மேல இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்களாண்ணே?"

"கண்டிப்பா சொல்றேன்."

ஓட்டுநர் நம்பிப் போனார்.